கோடு போடும் முன் கேட்கலாமே!

சங்கரன்கோவிலை ஒட்டியுள்ள களப்பாகுளம் ஊராட்சியில் கிராம சபை கூடினால், சாதாரண வாக்காளரும் எழுந்து வரவு செலவைக் கேட்கலாம். நகராட்சி எல்லைக்குள் குடியிருப்பவருக்கு அந்த உரிமை நெடுங்காலம் இல்லை. 1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், 3 லட்சம் பேரும் அதற்கு மேலும் உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு கமிட்டியைக் கட்டாயமாக்கியது. 2011 கணக்கெடுப்பில் சங்கரன்கோவிலில் இருந்ததோ சுமார் 57 ஆயிரம் பேர்!

2022-ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்து, சிறிய நகராட்சிகளுக்கும் வார்டு கமிட்டி, பகுதி சபை உண்டு என்றது. அந்த ஆண்டு நவம்பர் 1-ல் முதல்வர் ஸ்டாலினே பம்மலில் நடந்த பகுதி சபைக்குப் போய் உட்கார்ந்தார். நல்ல காரியம்தான். ஆனால் பகுதிப் பிரதிநிதிக்குத் தேர்தல் கிடையாது, நகர்மன்றம் செய்யும் நியமனம்தான். கவுன்சிலருக்கு வேண்டியவரே வந்து உட்கார்ந்துகொண்டால், கவுன்சிலரை யார் கேள்வி கேட்பது?

தறிச் சத்தத்தில் விடியும் நெசவாளர் தெருக்களின் கவலை வேறு. ஆடித்தபசுக் கூட்டத்தில் மூச்சு முட்டும் ரத வீதிகளின் கவலை வேறு. இரண்டையும் ஒரே பகுதியில் அடைத்தால், சத்தமாகப் பேசுகிறவர் பக்கம்தான் சாக்கடை தூர்வாரப்படும். பகுதி எல்லை, பிரதிநிதி பெயர் இரண்டையும் நகராட்சி வாசலில் ஒட்டி, 30 வார்டுகளிலும் ஒரு மாதம் ஆட்சேபணை வாங்கினால் என்ன? 2017-ல் வார்டு மறுவரையறை வரைவை வெளியிட்டு அப்படித்தானே மக்களிடம் கருத்துக் கேட்டார்கள்.