பழி முழுவதும் ஸ்டீராய்டுக்கா?

முடக்குவாத நோயாளிகளுக்குச் சர்க்கரை ஏற ஸ்டீராய்டு மாத்திரைதான் காரணம், அதை விட்டாலே போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். இது பாதி உண்மை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், அதில் மறுப்பில்லை. ஆனால் நோயின் அழற்சியே இன்சுலினை முடக்கும் என்பதை இந்த வாதம் மறைக்கிறது. பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப்-ஆல்பா என்ற புரதம் மிகுந்திருப்பதையும், அதைத் தடுத்தால் இன்சுலின் மேலும் நன்றாக வேலை செய்வதையும் 1993இல் ஆய்வாளர்கள் ஹோத்தமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோரின் குழு காட்டியது. முடக்குவாதத்தில் மூட்டுகளைச் சிதைப்பதிலும் இதே புரதத்துக்குப் பெரும் பங்குண்டு. இதைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்துகளைப் பெற்ற நோயாளிகளிடம் இன்சுலினின் செயல்திறன் கூடியதை ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. பழி முழுவதும் ஸ்டீராய்டுக்கே என்றால் இதை எப்படி விளக்குவது?

‘ஒல்லியாக இருப்பவருக்குக் கவலையில்லை’ என்பதும் தவறு. இந்நோயில் தசை கரைந்து, அதன் இடத்தில் கொழுப்பு சேரக்கூடும்; எடைக்கருவி அதைச் சொல்லாது. சர்க்கரையை உறிஞ்சும் முதன்மை உறுப்பே தசைதான்.

‘விட்டாலே போதும்’ என்பதும் ஆபத்தானது. மாதக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் உயிருக்கே ஆபத்து நேரலாம். அழற்சியும் மீண்டும் மூளும். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளால் நோயை அடக்கி, மருத்துவர் மேற்பார்வையில் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்பதே முறை. கூடவே சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். இந்நோயில் இதயத்துக்கும் ஆபத்து கூடுவதால், ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார், இந்நோயாளிகளின் இதயநோய் அபாயக் கணிப்பை 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது.