சின்னம்மாவின் இழுப்பு

என் சின்னம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் இழுப்பு வந்தது. விறகடுப்புப் புகை என்றார்கள். நியாயம்தான், எங்கள் சேரி வீடுகளில் சன்னல் என்பதே பின்னால் வந்த சமாச்சாரம். ஆனால் எரிவாயு அடுப்பு வந்து பல ஆண்டுகள் கழிந்தும் இழுப்பு போகவில்லை. களையெடுத்த கூலிப் பாக்கியைக் கேட்கப் பண்ணைவீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றுவிட்டு வந்தால் அன்று இரவு நிச்சயம் வரும். ஒருமுறை திருவிழாத் தகராறுக்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் தெருவில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. சின்னம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ஒவ்வோர் இரவையும் கழித்தார். "பயம் நெஞ்சுல உக்காந்துகிச்சுடா" என்பார். ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகம் 1995 முதல் கறுப்பினப் பெண்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. அவர்களில் 38,142 பேரை 1997 முதல் 2011 வரை ஆஸ்துமாவுக்காகக் கவனித்தார்கள். கேட்ட கேள்விகளைப் பாருங்கள். கடையில் உங்களை மற்றவர்களைவிடக் குறைவாகக் கவனிக்கிறார்களா? அறிவில்லாதவர் போல நடத்துகிறார்களா? தாங்கள் உங்களைவிட உயர்ந்தவர்கள் என்பதுபோல நடந்துகொள்கிறார்களா? இத்தகைய அவமதிப்பை மிக அதிகமாகச் சந்தித்தவர்களுக்குப் புதிதாக ஆஸ்துமா வரும் விகிதம், மிகக் குறைவாகச் சந்தித்தவர்களைவிட 45 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவமதிப்புதான் நோயைத் தந்தது என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் தேநீர்க் கடையில் தனிக் குவளை பார்த்த தலைமுறைக்கு அந்தக் கேள்விகளை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆபத்தைக் கண்டால் உடலில் கார்டிசோல் சுரக்கிறது. வீக்கத்தைத் தணிப்பதும் அதன் வேலை. பயமே தினசரி வாழ்க்கையாகிவிட்டால், எப்போதும் அதட்டுகிறவரின் பேச்சு எடுபடாமல் போவதுபோல, செல்கள் கார்டிசோலுக்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகின்றன. மூச்சுக்குழாய் வீங்கியபடியே இருக்கிறது. கனடாவில் கிரிகோரி மில்லர், எடித் சென் இருவரும் 2006இல் ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் ரத்த வெள்ளணுக்களைப் பரிசோதித்தார்கள். நீண்டநாள் நெருக்கடியோடு ஒரு திடீர் அதிர்ச்சியும் சேர்ந்த குழந்தைகளிடம், ஸ்டீராய்டை ஏற்கும் புரதத்தை உருவாக்கும் மரபணுவின் செயல்பாடு 5.5 மடங்கு குறைந்திருந்தது. சால்புட்டமால் போன்ற மருந்துகளை ஏற்கும் புரதத்துக்கான மரபணுவின் செயல்பாடு 9.5 மடங்கு குறைந்திருந்தது. மருந்து வந்து கதவைத் தட்டுகிறது. உள்ளே திறக்க ஆளில்லை.

அதற்காக மருந்தை விடச் சொல்லவில்லை. முதல் காவல் அதுதான். நம் மக்கள் மூச்சு முட்டினால் ஓர் ஊசி, நான்கு மாத்திரை, இரண்டு நாள் கழித்து மறுபடி ஊசி என்று அலைகிறார்கள். இன்ஹேலர் என்றால் 'பழகிவிடும்', 'கடைசி வைத்தியம்' என்று பயம். உண்மை நேர்மாறானது. புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் மிகச் சிறிய அளவில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போய் வீக்கத்தைத் தணிக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா 2019 முதல் சொல்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்தப் பையில் இந்த இன்ஹேலரும் இருக்க வேண்டும் என்று கிராமசபையில் கேளுங்கள்.

தகராறு நடந்த ஊருக்கு அதிகாரிகள் வந்தால் எரிந்த கூரையை எண்ணுகிறார்கள், தையல் போட்ட காயத்தை எண்ணுகிறார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவரை எந்தக் கணக்கில் எழுதுவது? அவமானம் செய்பவரை விட்டுவிட்டு, பட்டவருக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. மனதை வாட்டிய நிகழ்வைப் பற்றித் தினம் 20 நிமிடம் வீதம் 3 நாள் எழுதிய ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுத் திறன், நான்கு மாதத்தில் 63.9 சதவீதத்திலிருந்து 76.3 ஆக உயர்ந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே யாரும் இதை மருந்துக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இதில் ஆசை கொஞ்சம் அதிகம்.

எங்கள் மாலை வகுப்பில் எழுதச் சொன்னேன். இழுப்பு உள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பேருந்தில் தன் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வருவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். கொடுத்துவிட்டு, "இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லலாமாண்ணா?" என்று கேட்டாள். வரும் செவ்வாய்க்கிழமை அவளோடும் அவள் அம்மாவோடும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். இன்ஹேலர் கேட்கப் போகிறோம். அந்த இரண்டு பக்கத்தையும் அவள் எடுத்து வருகிறாள்.