வாயில்லா ஜீவன்களுக்கும் ஒரு பிடி

விருந்தோம்பலுக்குப் பேர் போனது நம் தமிழகம். காலையில் முதல் பிடி சோறு காக்கைக்கு. அரிசி களைந்த கழுநீர் பசுவுக்கு. வாசலில் இடும் அரிசி மாவுக் கோலம் எறும்புக்கு. இப்படி எல்லா உயிருக்கும் பங்கு வைத்த வீடுகளில், இரவெல்லாம் வாசலைக் காக்கும் நாய்க்கும், அடுப்படியில் எலி பிடிக்கும் பூனைக்கும் கிடைப்பது என்ன? பெரும்பாலும் எல்லாரும் உண்டு மிஞ்சியதுதான். சில வீடுகளில் ஊசிப்போன பழைய சோறும் கூட. இது முறைதானா என்று நாம் சற்றே சிந்திக்க வேண்டும்.

வீட்டில் வளர்க்கும் பிராணிக்கு வீட்டிலேயே உணவு தயாரிக்கலாம் என்பதே நம் கருத்து. அது கடினமும் அன்று, பெருஞ்செலவும் அன்று. ஆனால் அது நம் இலையின் மீதியாக இல்லாமல், அந்தப் பிராணியின் உடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

சேத்தியாத்தோப்பில் வாழும் நமக்கு இதைச் சொல்ல வெளியூரிலிருந்து எவரும் வர வேண்டியதில்லை. இங்கிருந்து வடக்கே பஸ் ஏறினால் வடலூர். அங்கே வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டு தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவருக்குச் சோறு வடிக்கிறது. பசியைத் தீர்ப்பதே தலையாய அறம் என்ற அந்த மகான், மனிதப் பசியோடு நின்றுவிடவில்லை. எல்லா ஜீவன்களிடமும் காருண்யம் வேண்டும் என்றார். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திருமூலர், பசுவுக்கு ஒரு வாய் புல் கொடுப்பதையும் அறங்களுள் ஒன்றாக வைத்தார்.

முதலில் நாயை எடுத்துக்கொள்வோம். நாய் சோறு தின்னலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தாராளமாகத் தின்னலாம். ஓநாயின் வழி வந்த நாய், மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து மாவுப்பொருளைச் செரிக்கும் திறனைப் பெருக்கிக்கொண்டது என்பதை 2013-இல் விஞ்ஞானிகள் அதன் மரபணுக்களை ஆராய்ந்து கண்டறிந்தார்கள். தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறை நாய்கள் கூழும் கஞ்சியும் குடித்தே முயலைத் துரத்தி ஓடியவை. இராஜபாளையம் நாயின் படத்தை 2005-இல் நம் தபால் துறை அஞ்சல் தலையாகவே வெளியிட்டது. ஆகவே நம் சோறும் கேழ்வரகும் நாய்க்கு ஆகாதவை அல்ல.

ஆகாதது, அந்தச் சோற்றின் மேல் நாம் ஊற்றுவது. சாம்பாரிலும் குழம்பிலும் வெங்காயம் இருக்கிறது, பூண்டு இருக்கிறது. இவை நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைத்துச் சோகையை உண்டாக்குகின்றன. ஒரு நாளில் தெரியாவிட்டாலும் நாள்தோறும் தின்றால் தெரியும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிறந்த நாளன்று நாம் ஆசையாகப் பங்கிடும் சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருள் நாயின் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். கிறிஸ்துமஸ் பிரியாணியின் கோழி எலும்பு, வெந்தபின் கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

பின் என்னதான் கொடுப்பது? உப்பும் காரமும் சேர்க்கும் முன்னரே ஒரு பிடி எடுத்து வைத்தால் போதும். குழைய வடித்த சோறு அல்லது கேழ்வரகுக் கஞ்சி. அதனுடன் எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறியோ, முட்டையோ, மீனோ. கொஞ்சம் பரங்கிக்காய், காரட். வளர்ந்த நாய்க்கு நாளைக்கு இரண்டு வேளை; குட்டிக்கு மூன்று நான்கு வேளை. சோற்றிலும் கறியிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதை எப்படி ஈடு செய்வது, எந்த அளவில் கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம். பக்கத்தில் தெளிந்த தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் அதுவே பெரிய விருந்து.

பூனையின் கதை வேறு. அது பிறவியிலேயே மாமிச உண்ணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்து குறைந்தால் பூனையின் இதயம் பெருத்துப் பலவீனமாகிறது என்பதை 1987-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படுத்தினார்கள். எனவே பால்சோறும் தயிர்ச்சோறும் மட்டுமே போட்டுப் பூனை வளர்ப்பது அதைப் பட்டினி போடுவது போலத்தான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிக்காது. கருவாட்டைக் கண்டால் பூனை ஓடி வரும்; ஆனால் அதில் இருப்பது அளவுக்கு மீறிய உப்பு. உப்பின்றி வேகவைத்து முள் நீக்கிய மீனையும் கறியையும் கொடுக்கலாம். டாரின் வேகவைத்த நீரில் இறங்கிவிடுமாதலால் அந்த நீரைக் கொட்டாமல் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

நம்மில் பலர் வீட்டில் செல்லமாக வளர்ப்பது ஆட்டுக்குட்டியும் கன்றுக்குட்டியும்தாம். மாட்டுப் பொங்கலன்று பானைப் பொங்கலையும், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும் அள்ளி வைப்பது அன்பின் மிகுதியால்தான். ஆனால் அசைபோடும் பிராணியின் வயிறு புல்லுக்கும் வைக்கோலுக்கும் படைக்கப்பட்டது. சோறு அதிகமானால் உள்ளே புளித்து அமிலமாகி, வயிறு உப்பி, உயிருக்கே ஆபத்தாகும். பொங்கலுக்கு ஒரு கவளம் போதும். மீதி அன்பைப் பசும்புல்லாகக் கொடுப்போம்.

செல்லத்துக்குத் தின்பண்டம் கொடுக்காமல் நம்மால் இருக்க முடியாதுதான். நாய்க்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து, வில்லைகளாக நறுக்கி வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாம். கேழ்வரகு மாவில் முட்டை சேர்த்து, உப்பும் சர்க்கரையும் இல்லாமல் சின்னச் சின்ன அடையாகத் தட்டிச் சுடலாம். ஆனால் தின்பண்டம் நாளின் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது.

கடையில் பொட்டலம் விற்கிறதே, பிறகேன் இந்தத் தொல்லை என்பர் சிலர். 1860-களில் இலண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் நாய் பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கியதிலிருந்து அந்த வியாபாரம் வளர்ந்தது. சத்துகளை அளந்து சேர்த்த நல்ல பொட்டலங்கள் உண்டு, வசதியுள்ளோர் வாங்கட்டும். எனினும் 2007-இல் அமெரிக்காவில் மெலமின் கலந்த பொட்டல உணவால் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மாண்டன. பொட்டலம் வாங்கினாலும் வீட்டில் சமைத்தாலும் கவனம் வேண்டும்.

எங்கள் வகுப்பில் இதுபற்றிப் பேசியபோது தோழி ஒருத்தி, "மனிதருக்கே சோறில்லாத நாட்டில் நாய்க்குத் தனிச் சமையலா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பசித்த மனிதருக்கே முதலிடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாம் கேட்பது தனி உலையன்று. மீதியாகக் கடைசியில் கொட்டும் அதே சோற்றைத் தாளிக்கும் முன்பே எடுத்து வைக்கும்படிதான் கேட்கிறோம். ஓர் அரிசியும் கூடுதலாகாது. கொஞ்சம் நினைவு மட்டும் கூடுதலாக வேண்டும். நற்செய்தியில் வரும் கானானியப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். வீட்டு நாய்க்கும் மேசையடியில் பங்கு உண்டு என்பதைச் சொல்லித்தானே அவள் ஆண்டவரின் மனத்தை வென்றாள்!

சட்டமும் இதையே சொல்கிறது. வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் இடமும் கொடுக்காமலிருப்பது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று 1976-இல் செய்த திருத்தத்தின் மூலம் நம் அரசியலமைப்பிலும் எழுதப்பட்டது.

கொள்ளைநோயுற்றுக் காட்டில் கிடந்த புனித ரோக்குக்கு ஒரு நாய் தினமும் ரொட்டி கவ்விக்கொண்டு வந்தது என்பது திருச்சபையில் வழங்கும் வரலாறு. அது எச்சிலைக் கொண்டுவரவில்லை. முழு ரொட்டியைக் கொண்டுவந்தது. புனித பிரான்சிஸ் அசிசியாரோ பறவைகளையும் விலங்குகளையும் சகோதர சகோதரிகள் என்றே அழைத்தார். உடன்பிறந்தாருக்கு ஊசிப்போனதை யாராவது இடுவார்களா?

ஆகவே, அன்புத் தோழியரே, அன்னையரே! அக்டோபர் 4-ஆம் நாள் வரும் அவருடைய திருநாள் வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலை உலை கொதிக்கும்போதே, உப்புப் போடும் முன், ஒரு பிடி எடுத்து வைப்போம். பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத ஜீவனுக்கு, வாயுள்ள நாம் செய்யக்கூடிய மிக எளிய தர்மம் இதுவே.