பவளப் பாறையும் மணல் ஊற்றும்

மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளைக் காக்க வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. காக்கும் பாரத்தை யார் தலையில் சுமத்துவது என்பதே கேள்வி.

பெரியபட்டினம் முதலிய கடலோர ஊர்களின் வாழ்வு மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரைப் பொறுத்தது. சமுத்திரத்திலிருந்து ஆவியாகி எழுந்த நீர் ஐப்பசி, கார்த்திகையில் மழையாகப் பெய்து மணலில் இறங்குகிறது. உப்பு நீரைவிட இலேசானதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை உப்பு நீர் ஒதுங்கியிருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. மேலே ஓரடியை இறைத்துத் தீர்த்தவன் கீழே நாற்பதடியைப் பறிகொடுக்கிறான்!

இந்த மணற்கரையை அலை அரித்துவிடாமல் தடுப்பது தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறை. அதுவும் மழையின் கைவேலைதான். மழைத்துளி காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறிது ஏற்று, மலைப் பாறையைக் கரைத்து, ஆற்றின் வழியே கடலில் சேர்க்கிறது. அப்படி வந்த கரியையும் சுண்ணச் சத்தையும் கொண்டு பவள ஜீவன்கள் பாறை கட்டுகின்றன. யுகக்கணக்கில் கட்டியதை நம்மவர் வெட்டிக் காளவாயில் இட்டனர். தூய சுண்ணக்கல் 100 ராத்தலைச் சுட்டால் 44 ராத்தல் கரியமிலவாயுவாகப் போய்விடும். பாறையை வெட்டியதன் பலனாகப் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கின.

1986-இல் 21 தீவுகளையும் சூழ்ந்த கடலையும் சர்க்கார் தேசியப் பூங்காவாக்கினர். 2001-இல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்புக் கிடைத்தது. இரண்டையும் நாம் வரவேற்கிறோம். ஆனால் சட்டத்தின் கை முதலில் நீண்டது யாரிடம்? மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கும் ஏழை ஸ்திரீகளிடம். பாம்பன் பக்கத்துப் பெண்களோ, பாசி எடுக்கும் நாட்களைத் தாமாகவே குறைத்துக்கொண்டவர்கள்.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தது அவர்கள் கைபட்டதனால் அன்று, கடல் காய்ந்ததனால். யந்திர யுகத்துக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளிவிடும் வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் விழுங்குகிறது. விழுங்க விழுங்க அதன் நீர் பவளம் கட்டுவதற்கு உதவாததாகிறது. இதே வளைகுடாவின் மற்றொரு கரையில், தூத்துக்குடியில், 1979 முதல் நிலக்கரி எரிந்து வருகிறது. மின்சாரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தூத்துக்குடிப் புகைபோக்கியொன்றே கடலைக் காய்ச்சிவிட்டது என்றும் கூறவில்லை. உலகத்தின் புகையெல்லாம் ஒரே காற்றில்தான் கலக்கிறது. புகைபோக்கிக்கு அவகாசமும் பாசி எடுப்பவளுக்குத் தடையும் என்பது எந்த ஊர் நியாயம் என்றே கேட்கிறோம்.

பூங்காவின் விதிகளை வகுக்கும் சபையில் பாசி எடுக்கும் பெண்களுக்கு இடம் தரவேண்டும். கரையோர மணல்மேடுகளைச் சமன் செய்வதையும், ஆழ்குழாய்களால் நல்ல நீரை மிதமிஞ்சி இறைப்பதையும் ஜில்லா அதிகாரிகள் தடுக்கவேண்டும். ஊருணிகளின் தூரை ஐப்பசி மழைக்கு முன்பே வாரவேண்டும். நிலக்கரிக்குப் பதிலாகக் காற்றையும் சூரியனையும் எந்த வருஷத்துக்குள் அமர்த்தப்போகிறார்கள் என்பதைச் சர்க்கார் தேதி குறித்துச் சொல்லட்டும்.