போன் தானா ரீஸ்டார்ட் ஆகுதா? அது யார் எடுத்த முடிவு?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோன நாள் அது. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன அப்டேட்தான் காரணம்.

"சிஸ்டம் கெட்டுப்போச்சு" என்றுதான் அன்று எல்லோரும் சொன்னோம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர்கள் வேண்டுமென்றேதான் நின்றன.

நடந்தது இதுதான். புதிய அப்டேட் 21-வதாக ஒரு தகவலைக் கேட்டது. புரோகிராமின் கையில் இருந்ததோ 20 தகவல்கள். இல்லாத ஒன்றைத் தேடி, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்துக்குள் அது கை வைத்தது. படிக்கும் முன்னால் 'எண்ணிக்கை சரியா இருக்கா?' என்று கேட்கும் ஒரு சோதனை அங்கே இல்லை. பிறகு அந்த நிறுவனமே அதைச் சேர்த்தது. இந்தத் தவறைப் பார்த்த விண்டோஸ், மேலும் ஏதாவது கெட்டுவிடக் கூடாது என்று மொத்த மெஷினையும் நிறுத்திவிட்டது. நீலத் திரை என்பது அந்த முடிவின் அறிவிப்பு, அவ்வளவுதான்.

தப்பான ஃபைலை 78 நிமிடங்களில் நிறுவனம் திரும்பப் பெற்றுவிட்டது. என்ன பிரயோஜனம்? நின்றுபோன கம்ப்யூட்டர் ஆன் ஆனால்தானே திருத்தத்தை வாங்கிக்கொள்ள முடியும்? ஒவ்வொரு மெஷினாக ஆள் போய் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது.

கெர்னல் என்ன செய்கிறது?

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடிமட்டத்தில் இருப்பது கெர்னல். மெமரி, பேட்டரி, ஸ்க்ரீன், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் அதுதான் பொறுப்பு. நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்களில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்.

இதை எழுதுபவர்கள் கோடுக்கு நடுவே சில காவல் வரிகளைப் போட்டு வைப்பார்கள். 'இந்த எண் ஒருபோதும் மைனஸில் போகாது, போனால் எங்கேயோ தப்பு' என்பது மாதிரி. இதற்கென ரெடிமேடாக இருக்கும் சிறு கட்டளைகளை மேக்ரோ என்பார்கள். லினக்ஸில் முக்கியமானவை இரண்டு. 'பக் ஆன்' என்பது தப்பு தெரிந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடும். பல நேரம் மொத்த மெஷினும் அதோடு உறைந்துபோகும். 'வார்ன் ஆன்' ஓர் எச்சரிக்கையைப் பதிவேட்டில் எழுதிவிட்டு வேலையைத் தொடரும். அந்த எச்சரிக்கைக்கு மேலே 'இங்கே வெட்டவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு புள்ளிக்கோடு வேறு வரும், பழைய பத்திரிகைக் கூப்பன் மாதிரி. வெட்டி எடுத்து, எழுதியவருக்கு அனுப்பத்தான்!

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு 'பக் ஆன்' என்றாலே ஆகாது. பல வருடங்களாக அதற்காகச் சக புரோகிராமர்களிடம் கோபப்பட்டிருக்கிறார். அவருடைய வாதம் நியாயமானது. மெஷின் செத்துப்போனால், ஏன் செத்தது என்ற பதிவும் பெரும்பாலும் அதோடு போய்விடும். அப்புறம் எதை வைத்துச் சரிசெய்வது? புதிதாக எழுதும் கோடில் 'பக் ஆன்' வேண்டாம் என்று லினக்ஸ் ஆவணங்களும் சொல்கின்றன. 2022-ல் கோடு எழுதும் விதிமுறைகளில் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: கெர்னலை நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவு, பொதுவாக, பயன்படுத்துபவருடையது, எழுதுபவருடையது அல்ல.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் இந்த 'பயன்படுத்துபவர்'?

ஒரு சுவிட்ச், பல கோடி போன்கள்

'பேனிக் ஆன் வார்ன்' என்று ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டுவிட்டால், வெறும் எச்சரிக்கை வந்தாலே கெர்னல் மெஷினை நிறுத்திவிடும். கிளவுட் நிறுவனங்களுக்கு இது வசதி. ஆயிரம் சர்வரில் ஒன்று சந்தேகமாக நடந்தால் அதைத் தூக்கிவிட்டு இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். ஹேக்கர் உள்ளே நுழைய முயலும்போதும் இப்படி எச்சரிக்கை வரலாம் என்பதால், பாதுகாப்புக் கோணத்திலும் அதில் அர்த்தம் இருக்கிறது. சர்வர்களில் மட்டுமல்ல, ஏராளமான ஆண்ட்ராய்டு கருவிகளிலும் இது ஆன் செய்யப்பட்டிருப்பதாக லினக்ஸின் மூத்த பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் சொல்லிவருகிறார்.

அந்த சுவிட்சை நீங்கள் போட்டீர்களா? நானும் போடவில்லை. போனைத் தயாரித்தவர்கள் போட்டது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்துக்கு வாருங்கள். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பாக் நீரிணைக்குள் போகும் படகுகளுக்கு, 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. அதைத் தாண்டினால் இலங்கைக் கடற்படையிடம் கைதாகலாம், படகும் போகலாம். போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும் என்பதால், ராத்திரி நேரத்தில் ஒருவர் போனைப் பார்த்து இடத்தைத் தெரிந்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரம் பார்த்து கெர்னலில் ஒரு காவல் வரி கத்துகிறது.

எது மோசம்? ஸ்க்ரீன் அணைந்து ஒன்றிரண்டு நிமிடம் இருட்டில் இருப்பதா, இல்லை தப்பான இடத்தைச் சரி என்று காட்டிக்கொண்டே இருப்பதா? ஜிபிஎஸ் பக்கமே கோளாறு என்றால் அணைவதுதான் மேல். தெரியாத இடத்தைவிடத் தப்பாகத் தெரிந்த இடம் ஆபத்து. ஆனால் எச்சரிக்கை வந்தது ப்ளூடூத் டிரைவரிலிருந்து என்றால்? அதற்காக மேப்பை அணைப்பது அபத்தம். பேனிக் ஆன் வார்னுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு எல்லா எச்சரிக்கையும் ஒன்றுதான்.

அதனால்தான், சர்வருக்கு எடுத்த முடிவை அப்படியே போனுக்கும் எடுப்பது தவறு என்கிறேன். சர்வர் போனால் இன்னொன்று இருக்கும். படகில் இருப்பவரிடம் பெரும்பாலும் ஒரே ஒரு போன்தான். பாதுகாப்புக்காக அந்த செட்டிங் வேண்டும் என்று நிறுவனங்கள் சொன்னால், சரி, வைத்துக்கொள்ளட்டும். ஆனால் நடந்ததை உரியவரிடம் சொல்ல வேண்டாமா?

சொல்வது கஷ்டமான வேலையும் இல்லை. கெர்னல் நிற்கும்போது கடைசிப் பதிவை, ரீஸ்டார்ட் ஆனாலும் அழியாத மெமரிப் பகுதியில் எழுதிவைக்கும் வசதி லினக்ஸில் இருக்கிறது. முந்தைய முறை ஏன் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ள ஆண்ட்ராய்டிலும் தனியாக ஓர் இடம் உண்டு. 'கெர்னல் பேனிக்' என்பது அங்கே பதிவாகும் காரணங்களில் ஒன்று. அதாவது, போனுக்குத் தெரியும். நம்மிடம் சொல்வதில்லை. லோகோவைக் காட்டிவிட்டு எதுவும் நடக்காத மாதிரி முகப்புக்கு வந்துவிடுகிறது. நாமும் 'சூடாகியிருக்கும், பேட்டரி போயிருக்கும்' என்று கடைக்குத் தூக்கிப் போய், கோளாறே இல்லாத பேட்டரியை மாற்றிவிட்டு வருவோம்.

மறுபடி ஆன் ஆனதும் ஸ்க்ரீனில் இரண்டு வரி போதும், தமிழில்: "உள் கோளாறு தெரிந்ததால் போனை நிறுத்தி மறுபடி தொடங்கினோம். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை." அந்த எண்ணிக்கையை வைத்து வாரண்டியில் கேள்வி கேட்கலாம். கடலுக்குப் போகும் முன் வேறு போனைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.