அருவிக் குளியலும் அன்றாட வேலையும்

மனம் பேதலித்தவர்களைக் குற்றாலத்துக்கு அழைத்து வந்து அருவியில் குளிக்கவைக்கும் வழக்கம் தென்காசி வட்டாரத்தில் நெடுநாளாக உண்டு. அருவித் தண்ணீர் மட்டும் மனநோயைத் தீர்த்துவிடாது. என்றாலும், முடங்கிக் கிடப்பவரை எழுப்பி, உறவினர் துணையோடு நடக்கவைத்து, குளிக்கவைத்து, பசியாறச் செய்வது நல்ல காரியமே. ஆனால் சாரல் மூன்று மாதம்தான். மீதி ஒன்பது மாதத்துக்கு வழி என்ன?

விளைச்சல் பொய்த்து, கடன் ஏறி, மனம் சோர்ந்த விவசாயி முதலில் வயலுக்குப் போவதை நிறுத்துகிறார். பிறகு நாலு பேரோடு பேசுவதும் நின்றுபோகிறது. வேலை நிற்க நிற்கச் சோர்வு கூடுகிறது. இதைச் சோம்பல் என்று வீட்டார் ஏசுவது தவறு, இது நோய்.

மனம் தெளிந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திராமல், சிறு வேலையில் தொடங்கி மனத்தைத் தெளியவைப்பதே இதற்கான சிகிச்சைகளில் ஒன்று. முதல் நாள் வரப்பு வரை போய் வந்தால் போதும். அடுத்து மாட்டுக்குப் புல் அறுக்கலாம். பிறகு மடை பார்க்கலாம். நேரம் குறித்து, வாரந்தோறும் சிறிது கூட்டி வரவேண்டும்.

கோவாவில் 2013 முதல் 2015 வரை 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு கொண்ட 495 பேரைச் சேர்த்து இம்முறை சோதிக்கப்பட்டது. சிகிச்சை தந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு முறை சந்தித்துப் பேசினார்கள். மூன்று மாதத்தில் இம்முறையைப் பெற்றவர்களில் 100க்கு 64 பேர் தேறினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 பேரே தேறினர்.

தென்காசி 2019ல் தனி மாவட்டமானது. 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் பணியாளர்கள் வீடு தேடி வந்து மாத்திரை தருகிறார்கள். அவர்களுக்கே இப்பயிற்சியையும் அளித்தால் பெரும் செலவில்லாமல் ஊர்தோறும் பலன் கிட்டும். கிராம சபையில் விவசாயிகள் இதைக் கோரிக்கையாக வைக்கவேண்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. காதில் குரல் கேட்கிறது என்பவரையும், சாவைப் பற்றிப் பேசுபவரையும் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். பூச்சிமருந்தை வீட்டில் எட்டும் இடத்தில் வைக்காமல் பூட்டி வைப்பது அவசியம். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம்.