பிள்ளையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

போன சனிக்கிழமை நம் குடியிருப்பு அரங்கில் 'ஒன் லைஃப்' படம் போட்டோம். பிள்ளைகள் 18 பேர் வந்தார்கள். கொண்டுவந்து விட்ட பெற்றோரில் ஒருவர்கூட உட்காரவில்லை. "முடிஞ்சதும் ஒரு போன் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பாதிப் படத்தில் ஒரு தாய் மட்டும் திரும்பி வந்தார். ரயிலடியில் பெற்றோர் பிள்ளைகளை வழியனுப்பும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மகள் கன்னத்தில் கண்ணீரைப் பார்த்ததும், "இந்த அழுகைப் படமெல்லாம் எதுக்குக்கா?" என்று கேட்டு, அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் ஆறவில்லை. கதாநாயகன் அரிவாளோடு ஆட்களை வரிசையாகச் சாய்க்கிற படத்துக்கு அதே பத்து வயதுப் பெண்ணை முதல் வாரமே அழைத்துப்போய், விசிலடிக்க விட்டு ரசித்தவர்கள் நாம். அந்த ரத்தம் அவளை ஒன்றும் செய்யாது, ஒரு தாய் தன் மகளுக்குக் கையசைப்பது மட்டும் அவள் மனதைக் கெடுத்துவிடும் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தோம்?

வராத பெற்றோருக்காகக் கதையைச் சொல்கிறேன். 1938 டிசம்பரில் நிக்கலஸ் வின்டன் என்ற 29 வயது லண்டன் பங்குத் தரகர், பனிச்சறுக்கு விளையாடப் போகவிருந்த விடுமுறையை விட்டுவிட்டு பிராக் நகரத்துக்குப் போனார். செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஜெர்மனி அதற்குள் பிடுங்கியிருந்தது. அங்கிருந்து ஓடிவந்த குடும்பங்கள், அவர்களில் ஏராளமானோர் யூதர்கள், குளிரில் முகாம்களில் கிடந்தார்கள். டோரீன் வாரினரும் டிரெவர் சாட்விக்கும் பிராகில் நின்று வேலை பார்க்க, வின்டன் லண்டன் திரும்பித் தன் தாயோடு சேர்ந்து அரசு அலுவலகங்களின் படியேறினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வளர்ப்புக் குடும்பம் வேண்டும், 50 பவுண்டு பிணைத்தொகை வேண்டும் என்றது பிரிட்டன் அரசு. அலைந்து அலைந்து 669 பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 250 பிள்ளைகளோடு இன்னொரு ரயில் 1939 செப்டம்பர் 1 அன்று கிளம்ப வேண்டியது. அன்றைக்குத்தான் ஹிட்லர் போலந்துக்குள் படையை அனுப்பினான். அந்த ரயில் கிளம்பவே இல்லை.

படம் முடிந்ததும் ஒரு பையன் என்னிடம் வந்தான். ஆறாம் வகுப்பு. "ஆன்ட்டி, ஹிட்லர்னா ரொம்ப ஸ்ட்ரிக்டானவர்தானே? அவரா இப்படிப் பண்ணாரு?"

அவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது யார்? கண்டிப்பான வாத்தியாரைப் பற்றி, "அவர் ஒரு ஹிட்லர்" என்று பிள்ளைகள் காதுபடச் சிரித்துப் பேசுகிறோம். "எங்க வீட்டு ஹிட்லர் வந்தாச்சு" என்று கணவரைக் கொஞ்சுகிறோம். சினிமாவுக்கு அந்தப் பெயரையே தலைப்பாக வைத்தால் சுவரொட்டி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சி அது. அவர்களில் பிள்ளைகள் மட்டும் ஏறத்தாழ 15 லட்சம். இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டிய இடத்தில் வெறும் 'ஸ்ட்ரிக்ட்' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பையனுக்கு என்னால் முடிந்ததைச் சொன்னேன். ஆனால் அவன் வீட்டில் அதுவரை கேட்டிருந்ததை மாற்றிச் சொல்ல வேண்டியவர்கள் அவன் அப்பாவும் அம்மாவும். அவர்கள் அங்கே இல்லை.

1988ல் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சியில், முதியவரான வின்டனைச் சுற்றி அவர் காப்பாற்றியவர்கள் எழுந்து நிற்கும் துண்டுக் காணொளி உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். நீங்களே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள், கண்ணீர்ப் பொம்மைகளோடு. அதைப் பிள்ளைக்குக் காட்டுவதில் உங்களுக்குத் தயக்கமே இல்லை. ஆனால் எழுந்து நின்றவர்களில் பலருடைய தாய் தகப்பன் திரும்பி வரவே இல்லை என்பதைச் சொல்லாமல் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் கொடுப்பது, பிள்ளையிடம் பாதியை மறைப்பதுதான்.

அந்த ரயிலடியில் நின்றவர்கள் யார் என்று யோசித்தீர்களா? நம்மைப் போல் பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டவர்கள், தலை வாரிவிட்டவர்கள். மொழி தெரியாத ஊருக்கு, முகம் தெரியாத வீட்டுக்கு அனுப்பினார்கள். பிராக் ரயில் நிலையத்தில் இன்று ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. பழைய ரயில்பெட்டிக் கதவு ஒன்றின் வடிவம். அதன் கண்ணாடியில் ஒரு பக்கம் பிள்ளைகளின் கைகள், மறுபக்கம் பெற்றோரின் கைகள். தப்பிப் பிழைத்தவர்கள் தங்களை வழியனுப்பிய தாய் தகப்பனுக்காக வைத்தது அது. 2017ல் அதைத் திறந்தபோது அந்தப் பிள்ளைகள் எல்லாம் தாத்தா பாட்டிகள். அந்தக் கண்ணாடிக்கு மறுபக்கம் நின்றவர்களைப் பற்றிய காட்சியின்போதுதான், உங்கள் மகள் அழுத நேரத்தில், நீங்கள் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது பக்கத்து நாற்காலியில் நீங்கள்.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதே படத்தை மறுபடியும் போடுகிறேன். பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம். ஆங்கிலம் புரியாத இடத்தில் நிறுத்திக் கதை சொல்ல நான் இருக்கிறேன். இந்த முறை அம்மாவோ அப்பாவோ கூட உட்கார்ந்தால்தான் பிள்ளைக்கு இடம். நாற்காலிகளை இரண்டிரண்டாகத்தான் போடப்போகிறேன்.